கிளெருக்கு வேர்க்கவில்லை

மதுக்கடையில் பாட ஆரம்பித்து, சினிமாவில் பேரெடுத்த ஒதில், கடைசியில் பாரிஸ் நாடக மேடையிலேயே விழுந்து செத்தாள். அவளுக்கு உடை மாட்டிவிட்டவள் சொலாஞ். ஆட்டம் முடிந்ததும் வியர்வை நாற்றம் போக உடையில் வோட்கா அடிப்பதும் அவள்தான். கவுனைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் ஒதில் இரண்டு கைகளையும் தூக்கி, "அடிச்சு விடுடி" என்பாள்.

ஒதில் போட்ட வேஷம் இப்போது புதுப் பாடகி கிளெருக்கு. அவளுக்குப் புதுக் கவுன். முதல் ஆட்டம் முடிந்து சொலாஞ் தடவிப் பார்த்தாள். கவுன் காய்ந்து கிடந்தது.

"என்னடி, ரெண்டு மணி நேரம் பாடியும் வேர்க்கலையா?"

"நான் எங்கேக்கா பாடுனேன்? வாயைத் திறந்தேன், அதுவா வந்துச்சு."

சொலாஞ், ஒதிலின் பழைய கவுன் தொங்கிய அலமாரியைத் திறந்தாள். அந்தக் கவுனின் அக்குளில் ஈரம் சொட்டியது. பழக்கதோஷத்தில் வோட்கா புட்டியை எடுத்தாள்.

கவுன் இரண்டு கைகளையும் தூக்கியது.