கால்சியம் டப்பா

மாத்திரை டப்பாவைத் திறந்தாள். உள்ளே உப்பு.

விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புதான். தூள் உப்பு.

நேற்று அவருக்குப் பதினாறாம் நாள். இன்று காலையில் கடைசி உறவுக்காரரும் பஸ் ஏறிவிட்டார். சோற்றை வடித்துக் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, கணவரின் மருந்து அலமாரியை ஒழிக்க உட்கார்ந்திருந்தாள்.

டப்பாவின் மேல் கால்சியம் என்று ஒட்டியிருந்தது. அந்த மாத்திரையை டாக்டர் முதல் மாதத்தோடு நிறுத்திவிட்டார். டப்பாவை மட்டும் அவர் எறிய விடவில்லை.

உப்பு பாதிதான் இருந்தது.

மீதிப் பாதி எங்கே போயிற்று?

நான்கு வருஷத்துக்கு முன்னால், இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்று சொன்ன அன்றே உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அவருக்கென்று தனியாகச் சமைக்க மனம் வரவில்லை. இனி வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமையல் என்றாள்.

முதல் நாள் ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அவர் கேட்டார்.

“வெந்நீர்ல புளி தவறி விழுந்துட்டோ?”

கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

கால் வீங்கும்போதெல்லாம் அவள் விசாரிப்பாள். வெளியில் எதையாவது தின்றீர்களா? அவர் சிரிப்பார். இல்லை என்றும் சொல்ல மாட்டார்.

அந்தச் சிரிப்பை இப்போது டப்பாவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

அப்படி ஏமாற்றுகிற ஆள் இல்லையே.

தட்டுகளோடு வந்த மகள் கோமதி, டப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“எம்மா, அது அப்பா திங்கதுக்கு இல்ல. எனக்கும் அண்ணனுக்கும். நீ அடுக்களைப் பக்கம் திரும்புனதும் டக்குனு எங்க தட்டுல போட்டுருவாவ. தீந்துட்டா எதுத்த வீட்டு அத்தைதான் குடுப்பாவ.”

“அவளுக்கும் தெரியுமா?”

“தெருவுக்கே தெரியும்.”

“அப்பா தொட்டதே இல்லயா?”

“போட்ட விரலத் துடைச்சிட்டுத்தாம்மா சாப்பிடுவாவ.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. டப்பாவைத் திறந்ததிலிருந்து நெஞ்சில் நின்ற எதுவோ மெல்ல இறங்கியது.

பிள்ளைகள் பாவம். அவர்களால் முடிந்திருக்காது. அவள் அப்படி இல்லை. முதல் மாதம்தான் கஷ்டப்பட்டாள். தட்டில் பாதிச் சோறு மிஞ்சும். அப்புறம் ருசி தானாக வந்துவிட்டது. நாக்குதானே, சொன்னால் கேட்கும் என்று எல்லாரிடமும் சொல்வாள். கொஞ்சம் பெருமையாகவே சொல்வாள்.

அந்த முதல் மாதத்துக்குப் பிறகுதான் அவர் பரிமாறத் தொடங்கியது.

எல்லாரும் எழுந்த பிறகு சாப்பிடுகிறவள் அவள். டயாலிசிஸ் முடிந்து வந்த நாளில்கூட, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். “நீ உக்காரு” என்பார். சோறு வைத்து, குழம்பு ஊற்றி, தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் போய்ப் படுப்பார்.

குழம்பை இறக்கினாள்.

கடைசி இருபது நாளும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு. பிறகு வீடு நிறைய ஆட்கள், அவர்கள் கைச் சமையல். அவளே சமைத்து, அவளே போட்டுக்கொண்டு உட்கார்வது இன்றைக்குத்தான். கை தன் பழக்கப்படி உப்பில்லாமல்தான் சமைத்திருந்தது.

கோமதி சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள்.

அவள் முதல் கவளத்தை வாயில் வைத்தாள்.

மென்றாள்.

நிறுத்தினாள்.

இன்னும் கொஞ்சம் மென்று பார்த்தாள். நான்கு வருஷமாகச் சாப்பிட்ட அதே குழம்பு. உள்ளே போக மறுத்தது.

டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்தாள். மூடியைத் திறக்காமல் கீழே வைத்தாள்.

தட்டை மட்டும், அவர் வந்து நிற்கும் சுவர்ப் பக்கமாக, சற்று நகர்த்தி வைத்தாள்.