வரிசையில் வந்த கைகள்

நாற்காலியே சரியில்லை. முன்வரிசை.

பின்னால் தூணோரமாக நின்றிருப்பான். வாசலில் இருந்த பிள்ளை விடவில்லை. "புதுசா உறுதிமொழி எடுக்குறவங்க அப்பா அம்மா எல்லாம் முன்னாடிதான் சார்" என்று கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டது.

வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். கை என்றா சொல்வது? மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. மகள் கனிஷ்கா தொட்டிலில் கிடந்தபோது கரும்புச்சாறு மெஷின் இழுத்துக்கொண்டது. இப்போது பேருந்து நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போடுகிறான். அங்கே யாரும் கை கொடுக்க வருவதில்லை. நிம்மதியான வேலை.

பள்ளிக்கூடம் அப்படியில்லை.

அவள் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஆண்டு விழாவுக்குப் போனான். வாசலில் தாளாளர் கையை நீட்டினார். இவன் நீட்டவில்லை. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு விஷயம் புரிந்து, "அடப் பாவமே" என்று தோளில் தட்டிக் கொடுத்தார். பின்னால் நின்ற பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். வீடு வந்து சேரும் வரை கனிஷ்கா வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு எந்த விழாவுக்கும் அவள் அவனைக் கூப்பிட்டதில்லை. அம்மாதான் போய்வந்தாள். அவனும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டு, அவள் சொல்லிவிட்டால்?

நேற்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"நாளைக்குச் சாரணியர் உறுதிமொழி எடுக்கப் போறேன். அம்மா வேண்டாம். நீ வாப்பா."

வந்துவிட்டான்.

மேடையில் கொடி. நீலச் சீருடையில் பிள்ளைகள். மூன்று விரலை உயர்த்தி ஒவ்வொருத்தியாக உறுதிமொழி சொன்னார்கள். கனிஷ்காவின் குரல் முதல் வரியில் நடுங்கியது. அப்புறம் பிடித்துக்கொண்டாள். மெர்லின் டீச்சர் அவள் கழுத்தில் ஸ்கார்ஃபைப் போட்டு, சட்டையில் சின்னத்தைக் குத்திவிட்டார். அத்தோடு முடிந்தது, கிளம்பிவிடலாம் என்று நினைத்தான்.

டீச்சர் மைக்கைப் பிடித்தார்.

"இப்பப் புதுப் பிள்ளைங்க எல்லாம் கீழ எறங்கி வந்து உங்க எல்லாருக்கும் கை குடுப்பாங்க."

போச்சுடா.

வரிசை அவன் பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தது. முதல் பிள்ளை எதிரே வந்து விறைப்பாக நின்றது. கையை நீட்டியது.

இடது கை.

அவனது இடது கை தானாகவே போய்ப் பிடித்தது. பிள்ளை குலுக்கிவிட்டு நகர்ந்தது. அடுத்தவளும் இடது கை. அதற்கடுத்தவளும்.

அவனுக்குக் காது சுட்டது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கனிஷ்கா அப்பாவுக்கு அந்தக் கை கிடையாது, பார்த்துக் கொடுங்கள் என்று உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஊர் பார்க்க, வரிசை வைத்துப் பரிதாபம். இதற்குத்தானா வரச் சொன்னாள்? இந்தக் கருமத்துக்கா முன்வரிசை?

எழுந்துவிட்டான்.

அப்போது பக்கத்து நாற்காலி அம்மாள் தன் மகளைப் பிடித்து அதட்டினாள்.

"ஏட்டி, பெரியவங்ககிட்டப் பீச்சாங்கையையா நீட்டுவ? மாத்துடி!"

அவள் மாற்றவில்லை.

நடுவில் சோபாவில் சிறப்பு விருந்தினர், நகைக்கடை முதலாளி. வலது கையை நீட்டினார். பிள்ளை இடதை நீட்டியது. அவர் மோதிரக் கையை இழுத்துக்கொண்டு இடதைக் கொடுப்பதா வேண்டாமா என்று விழித்தார். கடைசியில் இரண்டு கையாலும் கும்பிட்டு வைத்தார். மண்டபம் சிரித்தது.

மெர்லின் டீச்சரும் சிரித்தார்.

"சாரணியத்துல எடது கைதாங்க. உலகம் பூரா அப்படித்தான். அதுதான் நெஞ்சுக்குப் பக்கத்துக் கை. நான்தான் முதல்லயே சொல்லாம விட்டுட்டேன். அந்தா, ஓரமா நிக்கிறாரே ஒரு சார், அவரு ஒருத்தருதான் கேக்காமலே சரியாக் குடுத்தாரு. பழைய சாரணரு போல!"

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. அடட, தெரிஞ்ச மனுஷன் என்கிற பார்வை. யாரோ கை தட்டினார்கள்.

அவன் நின்றபடியே நின்றான். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கனிஷ்கா வந்தாள்.

எதிரே நின்றாள். மற்றவர்களைப் போலவே விறைப்பாக, இடது கையை நீட்டினாள். முகத்தில் சிரிப்பு இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைத்தாள் வாங்கக் காத்திருக்கும்போது அப்படித்தான் கடிப்பாள்.

எத்தனை விழா வந்து போயிருக்கும். ஒன்றுக்கும் கூப்பிடாதவள், எல்லாருக்கும் இடது கை கொடுக்கிற இந்த ஒன்றுக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

தன்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்றுதானே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தான். மடையன்.

கையைப் பிடித்தான். சின்னக் கை, வியர்த்திருந்தது. குலுக்கினான். விடவில்லை.

"விடுப்பா," என்றாள் மெதுவாக. "பின்னாடி ஆளு நிக்குது."

விட்டான். அவள் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் வந்த பிள்ளை இன்னும் பக்கத்தில் வந்து சேரவில்லை. அதற்குள் அவன் கையை நீட்டியிருந்தான்.