கேள்விக்குப் பின் மௌனம்

சிராங்கூன் சாலைத் தமிழ்ப் பள்ளி. சன்னல்களில் கறுப்புத் துணி. இருட்டில் புதுத் தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் நீலமாக ஒளிர்கிறது. இன்றுதான் அதில் முதல் அறிவியல் பாடம். அந்தப் பாடத்தை எழுதிய மங்களம், யார் கண்ணிலும் படாமல் பின்சுவரோடு ஒட்டி நிற்கிறாள். திரையில் ஓர் ஆசிரியை கண்ணாடிக் குவளையின் அடியில் காகிதத்தைத் திணித்து, தண்ணீர்த் தொட்டிமேல் கவிழ்த்துப் பிடிக்கிறாள். "இப்படியே உள்ளே அமுக்கினால் காகிதம் நனையுமா?" கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்கிறாள். பிள்ளைகள் பதில் சொல்லட்டும் என்று மங்களம் அடம்பிடித்து எழுதிய மௌனம் அது. "பெட்டி கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க லா. பிள்ளைங்க வாயைத் திறக்கலேன்னா இனிமே இந்த மௌனம் வேணாம்" என்று சொன்ன தயாரிப்பாளர் பரமசிவம் பக்கத்திலேயே நிற்கிறார். யாரும் வாயைத் திறக்கவில்லை. மின்விசிறி கிறீச்சிடுகிறது. ஆனால் எல்லாக் கைகளும் மேலே! திரையில் இருக்கும் ஆசிரியை பெயர் சொல்லிக் கூப்பிடுவாள் என்று, அவளையே பார்த்தபடி வகுப்பே காத்திருக்கிறது. வகுப்பாசிரியர் கபீர் பெட்டியைத் தட்ட எழுகிறார். முன்வரிசை அஸ்மத்தால் அதற்குமேல் முடியவில்லை. "நான் சொல்றேன் டீச்சர்! நனையாது!" "நனையும் லா! தண்ணி ஏறிடும்!" "எப்படி ஏறும்? உள்ள காத்து இருக்கு, மண்டு!" வகுப்பே இரண்டு கட்சியாகிறது. திரையில் குவளை மூழ்கி எழுகிறது. காகிதம் காய்ந்தே இருக்கிறது. பெஞ்சுகள் அதிர்கின்றன. அந்தக் கூச்சலில் பரமசிவம் மங்களத்தின் காதருகே கத்தவேண்டியிருக்கிறது: "அடுத்த பாடத்துல இன்னும் கொஞ்ச நேரம் விடுங்க மிஸ், சண்டை போட நேரம் பத்தல!"