உரிமையாளர் சங்கம்

"டவுன் பஸ்ஸு நம்ம காரை முந்திட்டுப் போவுதுய்யா! கண்டக்டரு தலையை வெளிய நீட்டி, 'என்னண்ணே, தள்ளி வுடணுமா'ங்கிறான்!"

குழந்தைவேலுக்கு அதைச் சொல்லும்போதே மூச்சு வாங்கியது. பெரம்பலூரில் மக்காச்சோள மண்டி வைத்திருப்பவர். மண்டி வாசலில் ஐந்து மின்சார கார்கள் வரிசையாக நின்றன. ஐந்தும் ஒரே கம்பெனி. ஐந்து குடும்பங்களும் ஒரே நாளில் திருச்சிக்குப் போய், சேர்ந்து பேரம் பேசி வாங்கி வந்தவை.

போன வாரம் ஐந்து கார்களிலும் 'புதிய மென்பொருள் ஏற்றப்பட்டது' என்று திரையில் எழுத்து ஓடியது. அன்று பிடித்தது சனி.

"எதை மிதிச்சாலும் அறுபதுக்கு மேல போவ மாட்டேங்குது. நான் நூத்தி நாப்பதுல போனவன்யா! இங்க ஏறி உக்காந்தா திருச்சி டோல்கேட்டுலதான் கண்ணைத் தொறப்பா என் பொண்டாட்டி. அப்படி ஒரு ஓட்டு!"

"உங்களுது வேகத்தோட போச்சு," என்றார் தமிழரசன். அரியலூரில் சிமென்ட் ஏஜென்சி எடுத்திருப்பவர். "ஜெயங்கொண்டம் ரோட்டுல மனமகிழ் மன்றத்துப் பக்கம் திருப்புனாலே, 'எல்லை தாண்டிட்டீங்க, எல்லை தாண்டிட்டீங்க'ன்னு ஒரு பொம்பளைக் குரல் கத்துது. மன்றத்து வாசல்ல நிக்கிறவன் பூராம் என்னையே பாக்குறான்."

மீன்சுருட்டியிலிருந்து வந்திருந்த பாவாடைக்கு அறுபது வயது. முந்திரித் தோப்புக்காரர். "எனக்குப் பாட்டுச் சத்தமே ஏற மாட்டேங்குது தம்பி. கொசு கத்துற மாதிரி கேக்குது. பெல்ட்டு போடலேன்னா வண்டி நவுரவும் மாட்டேங்குது."

"சாட்டிலைட்டு வழியா பண்றானுங்கண்ணே," என்றார் நாலாவது காரோடு வந்திருந்த அழகேசன். "வெளிநாட்டுச் சதி."

"சதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. புது மாடல் விக்கணும்ல, பழசைக் கெடுத்துட்டான் கம்பெனிக்காரன்," என்று குழந்தைவேல் தீர்ப்புச் சொன்னார்.

அந்தத் தீர்ப்பின்படிதான் மூன்று நாளைக்கு முன்பு, 'பெரம்பலூர் - அரியலூர் மின்கார் உரிமையாளர் சங்கம்' உதயமானது. தலைவர், குழந்தைவேல். முதல் தீர்மானம், ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்ஜினீயர் வராவிட்டால் ஐந்து கார்களையும் கழுதை கட்டி இழுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வரை ஊர்வலம். டிவிக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. கழுதைக்குத்தான் இரண்டு மாவட்டத்திலும் ஆள் விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கழுதை கிடைப்பதற்குள் இன்ஜினீயர் வந்துவிட்டார்.

அரவிந்தன் என்று பெயர். நாற்பது வயதிருக்கும். யாரிடமும் அதிகம் பேசாமல், லேப்டாப்பை ஒவ்வொரு காரிலும் செருகிப் பார்த்தார்.

லீலாவதி எல்லாருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். "என்னங்க, வண்டிக்கு ஏதாச்சும் பெரிய சீக்கா?" என்று கணவர் குழந்தைவேலிடம் கேட்டாள்.

"சாப்ட்வேர் விஷயம். உனக்குச் சொன்னாலும் புரியாது. போயி வடை இருந்தா எடுத்தா."

அவள் போனாள்.

ஐந்தாவது காரிலிருந்து இறங்கிய அரவிந்தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சார், அஞ்சு வண்டியும் அருமையா இருக்கு. ஒரு கோளாறும் இல்லீங்க."

"என்னய்யா பேசுற? அறுபதைத் தாண்டலைங்கிறேன்!"

"புது அப்டேட்ல ஒரு வசதி குடுத்திருக்காங்க சார். வேகம், பாட்டுச் சத்தம், போற இடம், பெல்ட்டு, இதுக்கெல்லாம் போன்லயே எல்லை வச்சுக்கலாம். இந்த அஞ்சு வண்டியிலயும் வச்சிருக்கு."

"பாத்தீங்களா!" குழந்தைவேல் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "நம்மளைக் கேக்காமயே கம்பெனி வச்சிருக்கு!"

"கம்பெனியால வைக்க முடியாது சார். ஓனர் போன்லேருந்து மட்டுந்தான் வைக்க முடியும்."

"யோவ், ஓனரு நாந்தான்யா உன் முன்னாடி நிக்கிறேன்! நான் எதையும் தொடலியே!"

அரவிந்தன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

"இதுல ஓனர் பேரு லீலாவதின்னு இருக்குங்களே சார்."



"அது... ஆடிட்டர் சொன்னாருன்னு, வரிக்காவ வூட்டுப் பொம்பளைங்க பேருல எடுத்தோம்," என்றார் குழந்தைவேல். குரல் அறுபதுக்குக் கீழே இறங்கியிருந்தது. "சும்மா பேருக்குத்தான்யா அது."

"அது வண்டிக்குத் தெரியாதுங்களே."

தமிழரசன் மெதுவாக முன்னால் வந்தார். "சார், என் வண்டி?"

"நந்தினி."

பாவாடை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் காரில் போய் உட்கார்ந்து, முதல் வேலையாக பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"தற்செயலா கை பட்டிருக்கும்," என்றார் அழகேசன், நம்பிக்கை இல்லாமல்.

அரவிந்தன் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தார்.

"அஞ்சு ஓனரம்மாவும் போன வெள்ளிக்கிழமை காலையில, பத்து நிமிஷத்துக்குள்ள, சிறுவாச்சூர் கோயில் வாசல்லேருந்து வச்சிருக்காங்க சார். உரிமையாளர் சங்கம் ஏற்கெனவே கூடி, ஒருமனதா தீர்மானம் போட்டு முடிச்சிருச்சு."