மழை நாள் முகூர்த்தம்

முப்பது கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றைப் பார்த்து, எந்த ஊரில் எந்த நாள் மழை என்று இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுகிறார்கள். அதனால் இப்போதெல்லாம் வெயில் நாளாகத் தேடித்தான் கல்யாணம் வைக்கிறார்கள்.

தூத்துக்குடி முத்தரசி மட்டும் மழை நாளைக் கேட்டாள்.

"பெய்யும்னு தெரிஞ்சே யாராவது கல்யாணம் வைப்பாங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா செண்பகவல்லி.

"வெயில் அடிச்சா எங்க உப்பளத்துல யாருக்கும் லீவு கிடையாது அத்த. மழை பெஞ்சாத்தான் என் கூட்டாளிமாரு பாத்தியை விட்டு வர முடியும்."

கல்யாணத்தன்று காலை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. பெண் வீட்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மேலே காற்று மனம் மாறிவிட்டதோ என்று முத்தரசிக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்த செண்பகவல்லி தாலித் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நேரம் போகுதும்மா" என்றார் ஐயர்.

"போகட்டும். மழை வராம தாலியத் தர மாட்டேன்."

கடல் பக்கம் இருட்டியது. மண்டபத்துத் தகரக் கூரை படபடத்தது. சற்று நேரத்தில் ஒரு லாரி வந்து நிற்க, கணுக்காலில் உப்பு வெள்ளையோடு பெண்கள் குதித்து ஓடி வந்தார்கள். தாலி ஏறியது.

பந்தியில் பாதிச் சாப்பாட்டில் மழைச் சத்தம் குறைந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான்; பெண்கள் இலையை விட்டு எழப் பார்த்தார்கள்.

செண்பகவல்லி வாசலுக்கு ஓடி, வானத்தைப் பார்த்துக் கத்தினார்: "நின்னுராத! பாயசம் இன்னும் போடல!"