டைம் கீப்பர் வீட்டுச் சாப்பாடு

என் வீட்டு வாசலுக்கு ஆறு படி கீழே உட்கார்ந்திருந்தேன். மணி ஏழரை இருக்கும்.

சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. டூட்டி ஆறு மணிக்கே முடிந்துவிட்டது. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று மனைவியிடம் புளுக ஆரம்பித்து இன்றோடு மூன்று வாரம்.

நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிடம் லேட் என்று எழுதுவது என் வேலை. அதை டிப்போவோடு விட்டுவிட்டு வரும் புத்தி எனக்கு இருந்ததில்லை. சாப்பாட்டு மேஜையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பேன். ஆளுக்குப் பதினைந்து நிமிடம்.

ஐந்து வயது சின்னவன் ஒரு வாயை அரை மணி நேரம் மெல்லுவான். நான் கத்துவேன். வயிறு வலிக்கிறது என்பான். நடிக்கிறான் என்று இன்னும் கத்துவேன்.

டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்தார். வயிற்றில் ஒன்றுமில்லை, பயமில்லாமல் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார். சொல்லும்போது என் முகத்தைத்தான் பார்த்தார்.

அன்றிலிருந்து இந்தப் படிதான்.

இன்று மனசு கேட்கவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால் போதும் என்று இருந்தது. கடிகாரத்தை டிப்போ டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். வரும் வழியெல்லாம் ஒரு கண்டக்டர் ஜோக்கை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன்.

எழுந்து போய் பெல்லில் விரலை வைத்தேன்.

உள்ளே மூத்தவள் பேசிக்கொண்டிருந்தாள், என் குரலில்.

"டேய், பதினாலு நிமிஷம் ஆச்சு! வண்டிய எடுடா!"

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அச்சு அசல் நானேதான்.

"வேணாம்க்கா," என்றான் சின்னவன். "வயிறு வலிக்குது."

உள்ளே சிரிப்பு நின்றுவிட்டது.

பெல்லை அழுத்தாமலே விரலை எடுத்துக்கொண்டேன்.

திரும்பவும் அதே படி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் அழுதேன். மேல் வீட்டுக்காரர் குப்பைப் பையோடு இறங்கி வந்தார். செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

தட்டு கழுவும் சத்தம் கேட்ட பிறகு பெல் அடித்தேன். பிள்ளைகள் உள் அறையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மனைவி எனக்கு மட்டும் ஒரு தட்டு வைத்துப் பரிமாறினாள். வேலை எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

டம்ளரில் தண்ணீர் ஊற்றியபடி, என் பக்கம் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"நாளைக்கு இன்னும் ஒரு கால் மணி நேரம் படியிலேயே உக்காந்திருங்க. இப்பல்லாம் அவன் ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்பிடுறான்."