கண்ணாடியின் உட்பக்கம்

மறுபடியும் கண்ணாடி மங்கியது.

"கட்" என்றார் இயக்குநர்.

அவன் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கினான். உள்ளே மாலையோடு கிடந்த வசுமதி வாய் திறந்து மூச்சு வாங்கினாள். படத்தில் அவள் கதாநாயகனின் இறந்துபோன அக்கா. வசனம் கிடையாது.

"பொணம் மூச்சு விடுமாம்மா?" என்று கேட்டார் இயக்குநர்.

"காலையிலேருந்து செத்துக்கிட்டே இருக்கேன் சார். இன்னும் எத்தன தடவ?"

லைட்மேன்கள் சிரித்தார்கள்.

படப்பிடிப்பில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். அவன் டாக்டர் இல்லை. வெளியே நிற்கும் ஆம்புலன்ஸில் வந்தவன். முதலுதவி செய்கிறவன். ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான்.

பெட்டி நிஜமானது. பழையது. மோட்டாரைக் கழற்றியிருந்தார்கள். அவன் கேட்டுக்கொண்டதால் கால்மாட்டில் காற்றுக்குத் துளைகள் போட்டிருந்தார்கள்.

குனிந்து அவளிடம் சொன்னான்.

"முடியலன்னா சுண்டு விரல அசைங்க. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

மூடினான். விலகினான்.

கதாநாயகன் அழத் தொடங்கினான். கேமரா தண்டவாளத்தில் மெல்ல நகர்ந்து வந்தது.

கண்ணாடி மங்கவில்லை.

இயக்குநர் மானிட்டரை நோக்கிச் சாய்ந்தார். கேமரா இன்னும் நெருங்கியது.

மங்கவில்லை.

சுண்டு விரல் அசையவில்லை.

ஆடி மாதம் அவன் மனைவி இப்படி ஒரு பெட்டிக்குள் இருந்தாள். மாமனார் வீட்டு ஹாலில். அந்தப் பெட்டியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்தபடியே இருந்தது. வருகிறவர்களுக்கு முகம் தெரிய வேண்டும். யாரோ அவனிடம் ஒரு துண்டைக் கொடுத்தார்கள். துடைத்தான். வியர்த்தது. துடைத்தான்.

உட்பக்கம் பளிச்சென்று இருந்தது.

கடைசிவரை.

கதாநாயகன் இன்னும் அழுதுகொண்டிருந்தான்.

இங்கே கட் சொல்வதற்கு ஒருவர்தான் உண்டு.

அவன் நடந்தான். தண்டவாளத்தைத் தாண்டினான். வெளிச்சத்துக்குள் போய் மூடியைத் தூக்கி, அவள் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தான்.

துடிப்பு இருந்தது. வேகமாக.

வசுமதி கண்ணைத் திறந்தாள்.

"என்ன சார்? நல்லாத்தானே மூச்ச அடக்கிக்கிட்டிருந்தேன்."

இயக்குநர் மானிட்டரிலிருந்து நிமிர்ந்தார்.

"டாக்டர், ஃப்ரேமுக்குள்ள நிக்கிறீங்க. அந்த மனுஷன் கிளிசரின் இல்லாம அழுதாரு. இனிமே அதுக்கு நான் எங்க போவேன்?"

அவன் மூடியை மெல்ல இறக்கினான்.

"சரி, ஃப்ரேமுக்கு வெளிய, பக்கத்துலயே நில்லுங்க. கண்ணாடி தொடைங்க. அதையாவது உருப்படியா செய்ங்க."

உதவி இயக்குநர் ஒரு துணியை அவன் கையில் திணித்துவிட்டுப் போனான்.

அடுத்த டேக் ஓகே ஆயிற்று. கண்ணாடி மங்கவில்லை. அவன் அசையவில்லை. துணியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"அப்படியே சிரிச்சிடும்மா" என்றார் இயக்குநர்.

பிணமாக நடித்தவர் எழுந்திருக்கும் முன் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுப்பார்கள். படத்தில் வராது. சிரிக்காமல் எழுந்தால் ஆகாது என்பார்கள்.

மூடிய கண்ணாடிக்குள் வசுமதி சிரித்தாள். முதலில் உதட்டளவில். பிறகு எதை நினைத்தாளோ, குலுங்கிச் சிரித்தாள். மாலை அசைந்தது. மூச்சு பட்டுக் கண்ணாடி வெளுத்தது. மூக்குத்தி மறைந்தது. கண்கள் மறைந்தன.

"முகமே தெரியல. தொறந்து தொடைங்க டாக்டர்."

துணி கையில் இருந்தது.

"கொஞ்சம் இருக்கட்டும் சார்" என்றான்.